டேங்க்காரி செவ்வந்தியின் சத்தியம்

ஓர் ஊரில் யார் பெரிய மனிதர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாரையும் விசாரிக்க வேண்டாம். காலையில் யார் வீட்டுக் குழாயில் முதலில் தண்ணீர் வருகிறது என்று பார்த்தால் போதும். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் கொன்றைப்பூண்டியில் அது மேலத்தெருவில் வந்தது. அப்புறம் நடுத்தெரு, அதற்கும் அப்புறம் பள்ளிக்கூடத் தெரு. அவர்களெல்லாம் குளித்து, மாட்டைக் கழுவி, வாசலுக்கும் தெளித்து முடித்த பிறகு டேங்க்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் காலனிக்கு வரும். இல்லையென்றால் இல்லை. இதை யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. வால்வு திறக்கிறவன் கைக்கு அப்படிப் பழகிவிட்டது.

ஒரு நாள் அந்தக் கை மாறியது. பழைய ஆபரேட்டர் முட்டி வலி என்று வேலையை விட்டபோது, பஞ்சாயத்து கொடுக்கும் சம்பளத்துக்கு டேங்க் ஏணியில் ஏற ஊரில் எந்த ஆண்பிள்ளையும் முன்வரவில்லை. காலனியிலிருந்து செவ்வந்தி போய்க் கேட்டாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். பஞ்சாயத்துத் தலைவர் சசிரேகா தலையாட்டினாள். தலையாட்டுவதும் கையெழுத்துப் போடுவதும்தான் அவள் வேலை. மற்றபடி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஊரை ஆண்டது அவள் புருஷன் ராஜாராம். பொம்பளை என்றால் பொறுப்பாக இருப்பாள், எதிர்த்துப் பேச மாட்டாள் என்று அவன் ஒரு கணக்குப் போட்டான். கணக்கில் முதல் பாதி சரி.

வால்வு சாவி என்பது பூட்டுச் சாவி இல்லை. ஆள் உயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. தெருமுனைக் குழிக்குள் விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு செவ்வந்தி நடந்தால் ஊர் விடிந்துவிட்டது என்று அர்த்தம். டேங்க்கைக் கழுவினாள், மூடியை மூடி வைத்தாள், பிளீச்சிங் பவுடர் கலந்தாள். அதோடு யாரும் கேட்காத ஒரு காரியத்தையும் செய்தாள். ஒரு நாள் மேலத்தெருவில் தொடங்கினால் மறுநாள் காலனியில் தொடங்கினாள்.

மேலத்தெரு சிட்டம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து நியாயம் கேட்டாள். காலங்காலமாக இருக்கிற முறையை மாற்ற இவள் யார் என்பது கேள்வி. "டேங்க்கு எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா கீது. முறையும் ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு செவ்வந்தி அடுத்த குழிக்கு நடந்தாள். பதில் சொல்ல முடியாத பேச்சு அது. பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்களை எந்த ஊரும் மன்னிப்பதில்லை, சமயம் பார்த்துக் காத்திருக்கும்.

சமயம் செவ்வந்திக்குள்ளேயே இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு அவளுக்கு மனநோய் வந்திருந்தது. தூக்கம் போய், பேச்சு நிற்காமல் போய், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடும் அளவுக்கு வந்தது. கயிறு மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், ஒருவன் பிரம்பாலும் அடித்தான். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவள் புருஷன் செந்தமிழன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அதே ஆட்டோவில் அவளை உட்காரவைத்துக் காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மாத்திரை அவளைத் திருப்பிக் கொடுத்தது. சர்க்கரைக்காரர்கள் போடுகிற மாதிரி தினமும் போட வேண்டும், கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். போட்டாள், நன்றாக இருந்தாள். ஆனால் அந்த மாத்திரை அட்டைகள் அரிசி ட்ரம்முக்குள் அரிசிக்கு அடியில் இருந்தன. யாராவது பார்த்துக் கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்ல வீட்டில் எல்லோரையும் பழக்கியிருந்தான் செந்தமிழன்.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது ஒரு முறை, அந்த மனநோய்ப் பிரிவின் பெஞ்சில் முந்தானையைத் தலைக்குப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பதைச் செவ்வந்தி பார்த்தாள். சசிரேகா. ஊருக்கே தலைவர், ராஜாராமின் மனைவி. இருவர் கண்ணும் சந்தித்தன. சசிரேகாவின் முகம் வெளுத்துவிட்டது.  செவ்வந்தி முன்பின் தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள். திரும்பும்போது ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள், ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

போன ஆடியில் வந்தது வினை. ஏரிக்கரைப் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊரில் காப்புக் கட்டினார்கள். செவ்வந்தியும் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். நாத்தனார் அம்முலு நல்ல மனசோடுதான் ஒரு வார்த்தை சொன்னாள். காப்புக் கட்டியவர்கள் மருந்து மாத்திரை தொடக் கூடாது, தொட்டால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றாள். ஊரில் காய்ச்சல் மாத்திரையைக்கூட அந்த நாட்களில் யாரும் தொடுவதில்லை. செவ்வந்தி தயங்கினாள், பிறகு நிறுத்தினாள். கெடுதல் நினைத்துச் சொன்னவர்கள் பேச்சையெல்லாம் உதறித் தள்ளியவள், நல்லது நினைத்துச் சொன்ன பேச்சில் விழுந்தாள்.

முதலில் தூக்கம் போனது. பிறகு மற்றதெல்லாம் வந்தது. கூழ் ஊற்றும் அன்று காலையில் ஊரிலுள்ள எல்லா வால்வையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டு, டேங்க் மேல் ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டாள். கொன்றைப்பூண்டியின் சரித்திரத்தில் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். அதற்கு ஒருத்திக்குப் புத்தி பேதலிக்க வேண்டியிருந்தது. எந்தத் தெருவிலும் குடம் நிறையவில்லை என்பது வேறு விஷயம். கூழ்ப் பானையை விட்டுவிட்டு ஊரே டேங்க்கடியில் கூடி அண்ணாந்து பார்த்தது. பாதிப் பேர் போனில் படம் எடுத்தார்கள். செந்தமிழன் ஏறி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி, படி படியாக இறக்கிக் கொண்டுவந்தான்.

சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, தெளிந்து, பழைய செவ்வந்தியாகத் திரும்பி வந்தபோது வால்வு சாவி சிட்டம்மாள் மகன் வெங்கடேசன் தோளில் இருந்தது. தண்ணீர் மேலத்தெருவில் தொடங்கிக்கொண்டிருந்தது. ராஜாராம் கனிவாகத்தான் பேசினான், உடம்பைப் பார்த்துக்கொள் என்றான், ரெஸ்ட் எடு என்றான். பின்னால் ஊர் பேசியதில் கனிவு இல்லை. பைத்தியத்தின் கையில் குடிதண்ணீரைக் கொடுத்து, அது எதையாவது கலந்துவிட்டால் என்ன செய்வது என்று பேசினார்கள். பழைய ஆபரேட்டர் குடித்துவிட்டு மூடியைத் திறந்தபடி போட்டுப் போய், செத்த காக்கை மிதந்த தண்ணீரை இதே ஊர் குடித்திருக்கிறது. அவனை யாரும் நீக்கவில்லை. குடித்தவன் விடிந்தால் தெளிந்துவிடுவான் என்று விட்டார்கள். மாத்திரை போட்டுத் தெளிந்தவளைத்தான் நம்ப முடியவில்லை.

வீட்டில் உட்கார்ந்து சோறு தின்னும் ஜாதி இல்லை செவ்வந்தி. ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, கான்ட்ராக்டரைப் பார்த்து, பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி வேன் விடிகாலையில் ஏரி மதகு ஸ்டாப்பில் வந்து ஏற்றிக்கொள்ளும். முதல் வாரம் நன்றாகப் போனது. அந்த வேனிலேயே வரும் ஊர்ப்பெண் ஒருத்தி, டேங்க் மேல் அவள் இருந்த படத்தைப் போனில் மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை டிபன் பையோடு நின்று செவ்வந்தி கையைக் காட்டினாள். வேன் வந்தது, வேகம் குறையவில்லை, போய்விட்டது. உள்ளே ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. கோபம் வந்தது. வேலைக்கு லாயக்கில்லை என்று முகத்துக்கு நேரே ஒருவன் சொல்லியிருந்தால்கூட மரியாதை. ஒரு மனுஷியைத் தெருவில் நிற்கும் கல் மாதிரி தாண்டிப் போவதா? டிபன் பையோடு நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

தன் வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டாள். ராஜாராம் நாற்காலியில் சாய்ந்தான். சசிரேகா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாராம் மோசமான ஆள் இல்லை, சண்டை இல்லாமல் காரியம் முடிய வேண்டும் என்று நினைக்கிற ஆள். அவன் ஒரு வழி சொன்னான்.

"தோ பாரு செவ்வந்தி. ஊர் வாய மூடணும்னா ஒண்ணுதான் வழி. வெள்ளிக்கெழம பொன்னியம்மன் வாசல்ல வந்து, எனக்கு ஒரு நோவும் இல்ல, மாத்திரையும் துன்றதில்லன்னு சொல்லிக் கற்பூரம் அணைச்சிடு. அம்மன் முன்னாடி சொல்ட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டான். அன்னிக்கே சாவிய வாங்கிக்க."

கற்பூரம் அணைப்பது அந்த ஊரில் சுப்ரீம் கோர்ட்டுக்கும் மேல். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்த வழக்கு அங்கேயே முடிந்தது. பொய்ச் சத்தியம் என்றால் அம்மன் வம்சத்தைக் கேட்பாள். இன்னொரு முறையும் உண்டு. ஒருவர் அணைத்த பிறகு எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரும் தன் பக்கத்துக்கு ஒரு கற்பூரம் அணைக்க வேண்டும். கை வராவிட்டால் தோற்றார். முன்பு வரப்புத் தகராறில் ஊர்க்காரர் வேதகிரி அணைத்துவிட்டு நிற்க, அவருடைய தம்பி கற்பூரத்தின் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, கடைசியில் கையை மடக்கிக்கொண்டு போனதை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ராஜாராம் சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது. காலனியில்கூட, இத்தோடு போயிற்றே என்று பெருமூச்சு விட்டார்கள். செந்தமிழனுக்கு சந்தோஷம். அம்மனுக்குத் தெரியாததா நம் கஷ்டம், வாயால் ஒரு வார்த்தைதானே, மாத்திரையைப் பழையபடி யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

"அரிசி ட்ரம்முலயா மாமா?" என்று கேட்டாள் செவ்வந்தி. "அம்மனுக்குன்னு மாத்திரைய நிறுத்தித்தான் டேங்க் மேல ஏறினேன். இப்ப அதே அம்மன் கிட்ட, மாத்திரையே இல்லன்னு சத்தியம் பண்ணணுமா? நாளைக்கு ஒருத்தன் என் வூட்ல அட்டையப் பாத்தான்னா பைத்தியக்காரின்றதோட பொய்க்காரின்னும் பேர் வரும். பைத்தியக்காரின்னு சொல்லிட்டுப் போறாங்க, அது நோவு. பொய்க்காரின்னா அது நானு."

 வேலை திரும்பக் கிடைக்காது என்று மட்டும் செந்தமிழன் சொன்னான். அது அவளுக்கும் தெரியும்.

பாத்திரம் துலக்கும்போது அவளுக்குள் இன்னொரு யோசனை வந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். உங்கள் வீட்டு அம்மாவை எங்கே பார்த்தேன் தெரியுமா என்று கோயில் வாசலில் கேட்டால் ராஜாராமின் வாய் அதோடு மூடிவிடும், சாவி ஓடி வரும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தன் மடியில் விழுந்த நெருப்பை எடுத்து இன்னொருத்தி மடியில் போட்டுவிட்டுத் தான் குளிர்காய்வதா என்று தோன்றியது. பஸ்ஸில் முன்சீட்டில் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி வந்த அந்தக் கை ஞாபகம் வந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னியம்மன் வாசலில் ஊர் கூடியது. காலனிப் பெண் கோயிலுக்குள் வரலாமா என்ற பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை, சத்தியம் வாங்க வாசலே போதும். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு கல். ராஜாராம் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அவன் பக்கத்தில் சசிரேகா. வெங்கடேசன் வால்வு சாவியைத் தரையில் ஊன்றிப் பிடித்திருந்தான். சிட்டம்மாள் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

செவ்வந்தி குளித்து ஈரத்தலையோடு வந்தாள். கற்பூரக் கட்டியைக் கல்லில் வைத்துத் தானே கொளுத்தினாள். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பொன்னியம்மா தாயே. எனக்கு மனசுல நோவு கீது. தெனமும் மாத்திர போட்டுக்கினு கீறேன், இனிமேயும் போடுவேன். இந்த ஊர்த் தண்ணியில ஒரு நாளும் ஒரு கேடும் நான் பண்ணினதில்ல. இதுல ஒரு வார்த்த பொய்யின்னாலும் என் வம்சம் வெளங்காம போவட்டும்."

பளீரென்று அறைந்து அணைத்தாள். உள்ளங்கையில் கரி ஒட்டிக்கொண்டது.

ராஜாராமுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "நான் இன்னா சொல்லச் சொன்னேன், நீ இன்னா சொல்ற?" என்றான்.

"நீங்க சொல்லச் சொன்னது பொய்யிண்ணே. அம்மன் கிட்டயே பொய் சொல்றவ தொறந்து வுட்ட தண்ணிய நம்பிக் குடிப்பீங்களா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அவளே ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் என்ன பேச்சு, மகனே சாவியை எடுத்துக்கொண்டு வா என்று சிட்டம்மாள் வெங்கடேசனைக் கூப்பிட்டாள். செவ்வந்தி நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு கற்பூரத்தை எடுத்தாள். அதே கல்லில் வைத்துக் கொளுத்தினாள்.

"மொறன்னு ஒண்ணு கீது இல்ல? நான் அணைச்சிட்டேன். இப்ப உங்க பக்கம். எங்க வூட்ல யாருக்கும் இந்த நோவு இல்ல, யாரும் இந்த மாத்திர போடலன்னு சொல்லி ஒருத்தர் வந்து அணைங்க. ஒரே ஒருத்தர். அப்புறம் நான் சாவி கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சசிரேகா இருந்த பக்கம் திரும்பவே கூடாது என்று கழுத்தைக் கட்டி வைத்திருந்தாள்.

யாரும் வரவில்லை. வேதகிரிக்கு சென்னையில் படிப்பை விட்டுவிட்டு வந்து அறைக்கதவைத் திறக்காமல் கிடக்கும் மகன் இருந்தான். அவர் ஏரிப்பக்கம் பார்த்தார். சிட்டம்மாள் தன் தம்பியை நினைத்திருப்பாள். எங்கோ வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லப்படுகிற அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அரிசி ட்ரம் இருந்தது.

ராஜாராமுக்குத் தாங்கவில்லை. ஒரு காலனிப் பெண் ஊரையே கூட்டிவைத்து நிற்க, ஊர் வாயடைத்து நிற்பதா? அவனுக்குத் தன் வீட்டைப் பற்றிச் சந்தேகமே இல்லை. "இது ஒரு பெரிய விஷயமா? நான் அணைக்கிறேன்" என்று முன்னால் வந்தான். குனிந்து கையை ஓங்கினான்.

ஓங்கிய கையை ஒரு கை பிடித்தது. சசிரேகாவின் கை. அது விடவில்லை.

"அணைக்காதீங்க" என்றாள். "பொய்ச் சத்தியம் ஆயிடும். நம்ம வூட்ல நான் போட்டுக்கினு கீறேன்."

ராஜாராம் அவளைப் பார்த்தான், கற்பூரத்தைப் பார்த்தான்.  ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது. கற்பூரம் யார் கையும் படாமல் எரிந்து, சுருங்கி, தானாகவே அணைந்தது. கல்லில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. அதுவரை எவரும் நகரவில்லை.

சசிரேகா வெங்கடேசன் பக்கம் திரும்பினாள். தலைவராகி இத்தனை காலத்தில் அவள் தானாக இட்ட முதல் உத்தரவு அதுதான்.

"சாவியக் குடு அவகிட்ட."

வெங்கடேசன் அம்மாவைப் பார்த்தான். சிட்டம்மாள் கற்பூரம் அணைந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொடுத்தான். செவ்வந்தி அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். சசிரேகாவைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள். இந்த முறை இருவருமே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் எங்கே தொடங்குவாள் என்று காலனியில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை. செவ்வந்தி மேலத்தெருவுக்குப் போனாள். டேங்க் மேல் ஏறி உட்கார்ந்த அன்றைக்கு முந்தின நாள் காலனியில் தொடங்கியிருந்தாள், ஆகவே அடுத்த முறை மேலத்தெருவுடையது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். குழிக்குள் சாவியை விட்டுத் திருக, பைப்பில் காற்று உறுமி, பிறகு தண்ணீர் வந்தது. தெருக்குழாயடியில் சிட்டம்மாளும் இன்னும் நான்கைந்து பேரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். யாரும் குடத்தை வைக்கவில்லை.

செவ்வந்தி அவர்களுக்கு நடுவே வந்தாள். இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள், எல்லோரும் பார்க்க ஒன்றைப் பிரித்து வாயில் போட்டாள். குழாயடியில் கையைக் குவித்து, தான் திறந்துவிட்ட தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சாவியைத் தூக்கித் தோளில் போட்டாள். அவள் நடுத்தெரு திரும்பும்போது பின்னால் சிட்டம்மாள் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.